எதுவரைக்கும்

இன்ஃபன்ட்ரி ரோட்டில் மூக்குக்கண்ணாடி விற்கிறேன்.
என் கவுண்டரிலிருந்து பார்த்தால்
தெருவில் யாருக்கும் தலை கிடையாது.
வாசல் கண்ணாடியில் பாதிக்குமேல் தள்ளுபடி ஸ்டிக்கர்.
அதற்குக் கீழே தெரிவதெல்லாம்
முழங்கால்கள், செருப்புகள், சக்கரங்கள்.

நடைபாதைக்குப் புதுக் கல் போட்ட வருடம்
நடுவே மஞ்சள் வரி ஒன்றும் பதித்தார்கள்,
பார்வையில்லாதவர்கள் பாதத்தால் படிக்க.
அதன்மேல் முதலில் நின்றது
எங்கள் முதலாளியின் ஆக்டிவா.
அப்புறம் மெடிக்கல் ஷாப்பின் டெலிவரி வண்டி,
ஜெராக்ஸ் எடுக்க வந்த புல்லட்,
சனிக்கிழமைகளில் முழுசாக ஒரு கார்,
இரண்டு சக்கரம் மேலே, இரண்டு கீழே,
சுவரோரம் கால் தூக்கிய நாய்போல.

யாரைக் கேட்டாலும்
"எரடே நிமிஷ, மேடம்."
கண் பரிசோதிக்க வருகிறவர்களுக்கு
நானே கை காட்டியிருக்கிறேன்:
"மேலேயே ஏத்தி நிறுத்திடுங்க சார்,
கீழ விட்டா டோயிங்காரன் தூக்கிடுவான்."
பிறகு உள்ளே உட்காரவைத்து
அடிவரியின் பொடி எழுத்தை வாசிக்கச் சொல்வேன்.
வாசித்துவிடுவார்கள்.

ஒன்பதே காலுக்கு இருதயராஜ் வருவார்,
பாங்கில் டெலிபோன் எடுக்கிற வேலை.
வெள்ளைக் குச்சி டயரில் பட்டால் சத்தம் வராது,
சைலன்சரில் பட்டால் வரும்.
வகுப்பில் ஆஜர் எடுப்பதுபோல
ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார்.
"புல்லட். சூடு வீசுது, இப்பத்தான் வந்திருக்கான்.
இது உங்க முதலாளி.
ஸ்டாண்டு துருப்பிடிச்சிருச்சுன்னு சொல்லுங்க."
நான் சொன்னதில்லை.

டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி வந்ததும்
பக்கவாட்டில் திரும்பி
ஒரு அடி உயரம் சாலைக்கு இறங்குவார்.
அங்கிருந்து முப்பத்திரண்டு தப்படி
பேருந்துகளோடு.
தோள்பையை பஸ் ஒன்று உரசிப் போன அன்று
ஜிப் மட்டும்தான் பிய்ந்தது.
சாப்பாட்டு டப்பா எதிர்ச்சாரிவரை உருண்டது.
புளிசாதம். ஆட்டோக்கள் அதன்மேல் போயின.
கடையிலிருந்து நாலு பேர் ஓடினோம்.
அவர் சட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு
"எந்த நம்பர் பஸ்?" என்று மட்டும் கேட்டார்.
முதலாளி அன்று சாயங்காலம்
ஆக்டிவாவை அரை அடி தள்ளி நிறுத்தினார்.

போன செவ்வாய், யாரோ மந்திரி வருகிறாராம்,
ஒலிபெருக்கி கட்டிய லாரி வந்து
நம்பர் நம்பராகக் கூவியது.
முடிவெட்டிக்கொண்டிருந்தவர்
கழுத்துத் துண்டோடு ஓடினார்.
எட்டரைக்குள் நடைபாதை கடைசிவரை காலி.
எண்ணெய்த் திட்டுகள், கழன்று விழுந்த ரப்பர் பிடி,
நடுவே மஞ்சள் வரி.
இத்தனை நேராகவா போகிறது அது!

ஆனாலும் ஜனங்கள்
டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி வந்ததும் இறங்கினார்கள்.
ஸ்டிக்கருக்குக் கீழே பார்த்துக்கொண்டேயிருந்தேன்.
பள்ளிக்கூட ஷூ.
கொலுசு போட்ட கால்.
போலீஸ் பூட்ஸ்கூட.
ஒருத்தர் பாக்கியில்லாமல்
இல்லாத வண்டிகளைச் சுற்றிக்கொண்டு
சாலையில் நடந்தார்கள்.

ஒன்பதே கால். குச்சிமுனை வந்தது.
பெட்டியருகே நின்றது. திரும்பியது.
கையில் யாருடைய கண்ணாடியோ, அப்படியே வெளியே ஓடினேன்.
"சார், மேலேயே வாங்க! இன்னைக்குக் காலி!"

ஒரு கால் கீழே, ஒரு கால் மேலே,
முகத்தை என் பக்கம் திருப்பினார்.
"எதுவரைக்கும்?"

பார்த்தேன்.
தெருமுனையில், ஜெராக்ஸ் கடைக்கு முன்னால்,
ஹெல்மெட் போட்ட பையன் ஒருவன்
முன்சக்கரத்தைக் கல்விளிம்பில் முட்டுக்கொடுத்து
ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டிருந்தான்.
நான் பார்ப்பதைப் பார்த்து
இரண்டு விரலைக் காட்டினான்.

"தெரியலை சார். வாங்க,
நான் முன்னால போறேன்"
என்று அவனை நோக்கி நடந்தேன்,
யாருடைய கண்ணாடியோ இன்னும் கையில்.